நிறுத்து, தொடர்: நடுவில் நிற்கும் ஆபரேட்டர்

மெட்டல் 3டி பிரிண்டிங் என்றால் பட்டனைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் வெளியே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பிளேடு உலோகப் பவுடரைப் பரப்பும், லேசர் உருக்கும், மேடை 30, 40 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) இறங்கும், மறுபடி பவுடர். ஒரு பார்ட் முடிவதற்குள் ஆயிரக்கணக்கான அடுக்குகள் போய்விடும், எந்த அடுக்கிலும் கோளாறு நுழையலாம். 2024-இல் இஸ்ரோ மகேந்திரகிரியில் 665 விநாடி எரித்துப் பார்த்த, பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்டத்துக்கான பிஎஸ்4 என்ஜினில், 14 பாகங்களை இப்படித்தான் ஒன்றாக்கி 19 வெல்டிங்கை ஒழித்தார்கள். பெரிய சாதனை. ஆனால் ஒரே துண்டு என்றால், ஓர் அடுக்கு கெட்டால் மொத்தமும் போச்சு.

எங்கள் இயந்திரத்தில் அடுக்குக்கு அடுக்கு கேமரா படமெடுக்க, ஏஐ அதில் கோடு, பள்ளம், வளைந்த ஓரம் எல்லாம் தேடுகிறது. நன்றாகவே தேடுகிறது, அத்தனை படத்தையும் எந்த மனிதரும் கண்கொட்டாமல் பார்க்க முடியாது. எச்சரிக்கை வந்ததும் திரையில் இரண்டே பட்டன்: நிறுத்து, தொடர். ராத்திரி ஷிப்டில் தனியாக நிற்பவர் நிறுத்தினால் பார்ட் ஆறிச் சுருங்கி அந்த இடத்தில் கோடு விழலாம், காலையில் "ஏன் நிறுத்துனீங்க?" நிறுத்தாமல் ஓட்டிக் கெட்டுப்போனால் "ஏஐ சொல்லியும் ஏன் விட்டீங்க?"

எங்கள் சீனியர் அண்ணன் ஒருவர் சத்தத்திலேயே பிடித்துவிடுவார். சப்போர்ட் (கீழே தாங்கும் முட்டு) போதாத ஓரம் மேலே வளைந்திருந்தால் பிளேடு உரசும்போது 'டிக்' என்று கேட்கும். ஒரு முறை எச்சரிக்கை வந்தும் அவர் நிறுத்தவில்லை. எப்படிண்ணே என்று கேட்டேன். "தட்டுது, ஆனா கூடிக்கிட்டே போகல. மேல தடிமன் ஏறுனா அடங்கிடும்" என்றார், அடங்கியது. கோடு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் பிளேடில் காயம், இடம் மாறினால் பிளேடோடு கட்டி ஏதோ இழுபடுகிறது என்பதும் அவர் சொல்லித்தந்ததுதான்.

இதில் ஒன்றும் அந்த பட்டனுக்குள் போகாது. 'தொடர்' அழுத்தினார் என்பது மட்டும் பதிவாகும். அதை வைத்தே ஏஐக்கு மறுபயிற்சி கொடுத்தால், விடையை மட்டும் மனப்பாடம் செய்த மாணவன் மாதிரிதான் அது தேறும். இன்னொரு பக்கம், புதிதாக வரும் பிள்ளைகள் திரையையே பார்க்கிறார்கள், பிரிண்ட் நடக்கும் சேம்பர் பக்கம் காது போவதில்லை. எளிய வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்ள, சிக்கலான நேரம் மட்டும் பழக்கம் விட்டுப்போன மனிதரிடம் வந்து சேரும் என்று லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-லேயே எழுதிவிட்டார்.

இப்போதைக்கு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம்: அடுக்கு எண், என்ன கேட்டது, ஏன் விட்டோம். அதையும் பயிற்சிக்கு எடுக்க வேண்டும், நிறுத்தியவரைக் காலையில் விசாரிக்கக் கூடாது, டேட்டா டீமிலிருந்து ஒருவர் எங்களோடு ராத்திரி ஷிப்டில் உட்கார வேண்டும் என்று மூன்றையும் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.