பத்திரத்தில் இல்லாத பேச்சு

அப்பா வாங்கியது கடன். கொடுத்தவர் எழுதி வாங்கியதோ கிரய ஒப்பந்தம். கடனுக்கு ஈடாக வீட்டை விற்பதாக எழுதிப் பதிவு செய்துகொள்வது எங்கள் பக்கத்து வட்டிக்காரர்களிடம் சர்வசாதாரணம். விலை 12 லட்சம், முன்பணம் 4 லட்சம், கிரயம் முடிக்கக் கெடு 3 ஆண்டு. கெடு முடிந்ததும் ஏற்றதை ஆற்ற, அதாவது ஒப்பந்தப்படியே வீட்டைக் கிரயம் செய்து தரக் கோரி சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டார்.

எங்கள் வழக்கறிஞர் முதலில் காட்டியது 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 91, 92 பிரிவுகளை. (2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் இவை 94, 95. எங்கள் வழக்கு பழையது என்பதால் பழைய எண்களே.) ஒப்பந்தம் எழுத்தில் இருந்தால் அதன் நிபந்தனைகளுக்கு அந்த ஆவணமே சாட்சி. கையெழுத்திட்டவர்கள் பின்னால் வந்து வாய்ச்சொல்லால் அவற்றில் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ முடியாது.

அப்பா மலைபோல் நம்பியிருந்தது ஒரு பேச்சை. ஒரு வருடம் கழித்து, மாமாவை வைத்துக்கொண்டு, “ஒப்பந்தம் ரத்தானதாகவே நினைத்துக்கொள்ளுங்கள்” என்று கடன் கொடுத்தவர் சொன்னாராம். “பதிவான ஒப்பந்தத்தை வாய்ப்பேச்சால் ரத்து செய்ததாகச் சொல்ல 92இன் நான்காவது விதிவிலக்கு இடம் தராது” என்று வழக்கறிஞர் அதை ஓரங்கட்டினார். மாமாவுக்கு அதில் இன்றும் வருத்தம். நடந்ததைச் சொல்லத்தானே நீதிமன்றம் என்பது அவர் கட்சி.

எங்களுக்குத் திறந்திருந்த வழி வேறு. கங்காபாய் எதிர் சாபுபாய் வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஆவணத்தின் நிபந்தனையை மாற்றத்தான் வாய்மொழிச் சாட்சியம் கூடாது, அந்த ஆவணம் செயல்படுத்துவதற்காக எழுதப்பட்டதே அல்ல, உண்மையில் பேசியது வேறொன்று என்று காட்டத் தடையில்லை. அங்கும் கடன்தான், எழுதியது கிரயப் பத்திரம். ஆகவே எங்கள் எதிருரையில் “விலை குறைவு”, “கெடுவை நீட்டினார்” போன்ற வரி ஒன்றுகூட இல்லை. “விற்கும் எண்ணமே இல்லை, இது கடனுக்கு ஈடு” என்பது மட்டும்.

அப்பா கூண்டில் ஏறி வாயைத் திறந்ததுமே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து 92ஐச் சொல்லி ஆட்சேபித்தார். நீதிபதி ஆட்சேபணையைக் குறித்துக்கொண்டு, இறுதியில் முடிவு செய்வதாகச் சொல்லி சாட்சியத்தைத் தொடர்ந்து பதிவு செய்தார்.

ஆனால் வாய்ச்சொல் அனுமதிக்கப்படுவது வேறு, நம்பப்படுவது வேறு. எங்களைக் காப்பாற்றியது வங்கிக் கணக்குப் பட்டியல். மாதந்தோறும் அப்பா கணக்கிலிருந்து கடன் கொடுத்தவர் கணக்குக்கு 8,000 ரூபாய் போயிருந்தது. 4 லட்சத்துக்கு இரண்டு ரூபாய் வட்டி என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் கணக்குச் சொல்லும். குறுக்கு விசாரணையில் அது என்ன பணம் என்று கேட்டபோது அவர் சற்றும் யோசிக்காமல் “வாடகை” என்றார்.

“வீடு யார் பெயரில் இருக்கிறது?”

“பிரதிவாதி பெயரில்.”

“சொந்த வீட்டுக்கு அவர் ஏன் உங்களுக்கு வாடகை தர வேண்டும்?”

பதில் இல்லை என்று பதிவானது.

கிரயம் செய்து தரக் கோரிய பரிகாரம் மறுக்கப்பட்டது. 4 லட்சத்தை வட்டியுடன் திருப்பித் தரத் தீர்ப்பு. அது நியாயம்தான், வாங்கிய பணம் அது. அவர் மேல்முறையீடு செய்திருக்கிறார். நாங்கள் தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டோம்.