மடித்து வைத்த தாள்

காலை டியூட்டியில் நான் முதலில் செய்வது ஒரு வெள்ளைத் தாளை நான்காக மடிப்பது. இரவு டியூட்டி சிஸ்டர் ஒவ்வொரு படுக்கையாக ஹேண்ட் ஓவர் சொல்லச் சொல்ல, யாருக்கு எத்தனை மணிக்கு என்ன என்று அதில் குறித்துக்கொள்வேன். ட்ரிப்ஸ் மாற்ற வேண்டியவர், கட்டுப் பிரித்துப் புண்ணைச் சுத்தம் செய்ய வேண்டியவர், ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டியவர், டிஸ்சார்ஜ் ஆகிறவர். அப்புறம் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் நின்று ஒரு நிமிடம் கண்ணை மூடுவேன். பல வருடங்களாக என் ஜெபம் ஒன்றேதான்: "ஆண்டவரே, இதையெல்லாம் நேரத்துக்கு முடிக்க உதவி செய்யும்."

நல்ல ஜெபம் என்றுதான் நினைத்திருந்தேன். திட்டத்தை நானே போட்டுவிட்டு, அவரிடம் கையெழுத்து மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது.

ஒரு நாள் வயதான அம்மா ஒருவருக்கு டிஸ்சார்ஜ். வேண்டிய காகிதங்கள் எல்லாம் தயார். அவர் கட்டிலைத் தாண்டிப் போகும்போது என் கையைப் பிடித்து, "சிஸ்டர், கொஞ்சம் உட்காருங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். என் தாளில் அடுத்து இரண்டு ட்ரிப்ஸும் ஒரு அட்மிஷனும் இருந்தன. "இதோ வந்துடறேம்மா" என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். அவர் என்ன சொல்ல நினைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று என் தாளில் இருந்த அத்தனை வேலையும் நேரத்துக்கு முடிந்திருந்தது.

அந்த வாரம் வேதாகமத்தில் மாற்கு சுவிசேஷம் 5-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். எத்தனையோ முறை வாசித்த பகுதிதான். ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் மகள் மரணப்படுக்கையில் இருக்கிறாள். இயேசு அவன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். வழியில், 12 வருடமாகப் பெரும்பாடுள்ள, அதாவது உதிரப்போக்கு நிற்காத ஒரு பெண் அவர் வஸ்திரத்தைத் தொடுகிறாள், தொட்டதும் சுகமாகிவிட்டாள். அப்படியே நடந்து போயிருக்கலாம். ஆனால் அவர் நின்று, தொட்டது யார் என்று கேட்கிறார். அவள் "உண்மையையெல்லாம் அவருக்குச் சொன்னாள்" என்கிறது வேதம். அந்த "எல்லாம்" என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். 12 வருட வேதனை, வைத்தியர்களிடம் பட்ட பாடு, செலவழித்துத் தீர்ந்த ஆஸ்தி. இதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? யவீரு பக்கத்திலேயே நிற்கிறான். ஒவ்வொரு நொடியும் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்! அவள் பேசி முடித்து, இயேசு அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் இறந்த செய்தி வருகிறது. "பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு" என்று மட்டும் அவனிடம் சொல்கிறார் இயேசு.

இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் நான் அந்தப் பெண்ணின் இடத்தில்தான் என்னை வைத்துப் பார்த்திருக்கிறேன். அன்றுதான் யவீருவாக வாசித்தேன். என் அவசரம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனாலும் ஆண்டவர் நிற்கும் இடத்தில் நானும் நிற்க வேண்டியிருக்கிறது.

திட்டம் போடுவதே அவிசுவாசம் என்று சிலர் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. "ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால், இன்னின்னதைச் செய்வோம்" என்று சொல்லச் சொல்கிறார் யாக்கோபு, வேதத்தில் உள்ள தம் நிருபத்தில். இன்னின்னது என்று ஒன்று இருந்தால்தானே அப்படிச் சொல்ல முடியும்? அவர் கண்டிப்பது, நாளைய தினம் தங்கள் கையில் இருப்பதுபோலப் பேசும் வீம்பை. அப்போஸ்தலன் பவுலும் எபேசு பட்டணத்திலிருந்து புறப்படும்போது, தேவனுக்குச் சித்தமானால் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார். பிறகு திரும்பியும் வந்தார்.

இப்போதும் தாளை மடிக்கிறேன். நேரம் தவறக் கூடாதவற்றைச் சுற்றி வட்டம் போட்டுவிடுகிறேன். சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய இன்சுலின், குறித்த மணிக்குக் கொடுக்க வேண்டிய ஆன்டிபயாடிக். அவற்றை மனம்போலத் தள்ளிப்போட்டுவிட்டுத் தேவ சித்தம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்த வட்டங்களும் அவர் என்னிடம் ஒப்படைத்தவைதான். மற்றதையெல்லாம் ஜெபத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லி அவரிடம் விடுகிறேன். "இதை நீர் மாற்றினால் முகம் சுளிக்காமல் இருக்க எனக்குக் கிருபை தாரும்" என்று கேட்கிறேன். பல நாள் சுளித்துவிடுகிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நான்கு பேர் பார்க்க வேண்டிய வார்டை இரண்டு பேர் பார்க்கும்போது வரும் திண்டாட்டத்தைத் தேவ சித்தம் என்று சொல்லி மூடி மறைக்கக் கூடாது. அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கத்தான் வேண்டும்.

சமீபத்தில் ஒரு பெரியவர், சர்க்கரை மிகவும் ஏறி வந்தவர், டிஸ்சார்ஜுக்குக் காத்திருந்தார். "சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்றார். கையில் மருந்து டிரே. வட்டம் போட்ட வேலை எதுவும் அந்த நேரத்துக்கு இல்லை. டிரேயை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். விரல் மரத்துப்போனதால் மாத்திரையை அழுத்தி எடுக்க முடியவில்லையாம். மகனிடம் தினமும் கேட்கக் கூச்சம். அதனால் பாதி நாள் போடுவதே இல்லை. டாக்டரிடமும் இதைச் சொல்லவில்லை.

மகனை அழைத்து, மூன்று பேருமாக உட்கார்ந்து, ஒரு வாரத்து மாத்திரைகளை எப்படி எடுத்துத் தனித்தனியாக வைப்பது என்று பேசினோம். டாக்டரிடமும் சொன்னேன். அதற்கே அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. அன்று டியூட்டி முடிந்த பிறகும் சார்ட் எழுதிக்கொண்டிருந்தேன். "என்னக்கா, இன்னும் கிளம்பலையா?" என்று அடுத்த டியூட்டிக்கு வந்தவள் கேட்டாள்.

"இன்னும் ரெண்டு பேரோடது இருக்கு" என்றேன்.