கிராமத்து இளைஞர்களைப் பற்றி ஆய்வேடு எழுதப் போகிறீர்களா?

சமூகப் பணி, சமூகவியல், கிராமப்புற மேம்பாடு என எதில் முதுகலை படித்தாலும், ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும் நேரத்தில் வகுப்பில் யாராவது ஒருவர் ‘கிராமப்புற இளைஞர்களின் கல்வியும் வேலையும்’ என்பதில் வந்து நிற்பார். எங்கள் வகுப்பில் அது நான். எளிதாகத் தெரிகிறதே என்று எடுக்கிற தலைப்பு இது. இடைநிற்றலுக்கான காரணங்கள், வேலையின்மைக்கான காரணங்கள், கடைசியில் அரசுக்குப் பரிந்துரைகள் என்று களத்துக்குப் போகாமலே மூன்று அத்தியாயம் எழுதிவிடலாம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அது அதிக நேரம் தாங்காது.

படிப்பை முடித்தார், வேலைக்குப் போனார் என்று நேர்கோட்டில் நடப்பது கிராமத்தில் அபூர்வம். படித்துக்கொண்டே வேலை, வேலையை விட்டு மறுபடி படிப்பு, வெளியூர் போய்த் திரும்பி வருவது, இரண்டும் இல்லாத சில மாதங்கள் என்று எல்லாம் கலந்து கிடக்கும். இந்தக் கலவையைப் பிடிக்க உங்களிடம் ஒரு முறை இருந்தால் ஆய்வேடு நிற்கும். மற்றதெல்லாம் அப்புறம்.

முதலில் வயது. ஐ.நா. கணக்கில் இளைஞர் என்றால் 15 முதல் 24 வரை. இந்தியாவின் 2014 தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வரை என்கிறது. நான் 29 வரை எடுத்தேன். பட்டம் வாங்கிவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஆளை 24-ல் வெட்டிவிட்டால் கதையின் பாதி போய்விடும். ஆனால் உலக நாடுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட நினைத்தால் 24 வசதி. எதை எடுத்தாலும் காரணத்தை இரண்டு வரியில் எழுதிவையுங்கள், கட்டாயம் கேட்பார்கள்.

அடுத்தது வேலை. யாரை வேலையில் இருப்பவர் என்று எழுதுவது? இந்த இடத்தில் நிறைய நேரம் செலவழியுங்கள் என்பேன்.

பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு பெண்ணிடம், “இப்போ என்ன பண்றீங்க?” என்று கேட்டேன். “ஒண்ணும் பண்ணல, வீட்லதான் இருக்கேன்” என்றார். சொல்லிக்கொண்டே ஆட்டுக்குத் தழையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று நேரப்படி கேட்டபோதுதான் விவரம் வந்தது. இரண்டு மாட்டில் பால் கறந்து கொண்டுபோய் ஊற்றியிருக்கிறார். பால் கணக்கு எழுதும் நோட்டு அவரிடம்தான் இருக்கிறது. நடவு, அறுப்பு நாட்களில் சொந்த வயலில் நிற்கிறார். மதியம் அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுத்துக் காசு வாங்குகிறார். முதல் பதிலோடு நான் எழுந்து வந்திருந்தால் இவர் ‘வேலையில்லாதவர்’ கட்டத்தில் போய் உட்கார்ந்திருப்பார்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017-லிருந்து நடத்தும் தொழிலாளர் கணக்கெடுப்பில் (பி.எல்.எஃப்.எஸ்.) ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண் உண்டு. வீட்டுத் தொழிலில் கூலி வாங்காமல் உதவுபவர் 21. சொந்தமாகச் சிறு தொழில் செய்பவர் 11. படிப்பவர் 91. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் 92. வீட்டு வேலையோடு விறகு, மாட்டுத்தீவனம் சேகரிப்பது, வீட்டாருக்குத் தைப்பது போன்றவற்றையும் செய்பவர் 93. இதில் 21-ம் 11-ம் வேலையில் இருப்பவர்கள். 92, 93 தொழிலாளர் கணக்கிலேயே வராதவர்கள். அந்தப் பெண் பக்கத்து வீட்டுக்குத் தைத்தால் 11, தங்கைக்குத் தைத்தால் 93. தையல் இயந்திரம் என்னவோ ஒன்றுதான். இந்தக் கோடுகள் எங்கே போடப்பட்டிருக்கின்றன என்று தெரியாமல் ‘கிராமப் பெண்கள் வேலைக்கு வருவதில்லை’ என்று ஒரு வாக்கியம் எழுதினால், அதை யாரும் சுலபமாகக் கேள்வி கேட்டு உடைத்துவிடலாம்.

கால அளவும் முக்கியம். அதே கணக்கெடுப்பில் கடந்த 365 நாளைப் பார்த்து ‘வழக்கமான நிலை’ என்று ஒன்று சொல்வார்கள். கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரமாவது வேலை செய்தாரா என்று பார்த்து ‘வார நிலை’ என்று இன்னொன்று சொல்வார்கள். அறுப்பு முடிந்த அடுத்த வாரம் போய்க் கேட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பதில் தரும். அதுபோக, பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு 2013-ல் வரையறையை மாற்றியது. தன் குடும்பம் சாப்பிட மட்டும் விளைவிப்பவர் அதன்படி ‘வேலைவாய்ப்பு’ கணக்கில் வரமாட்டார், இந்தியக் கணக்கெடுப்பில் வருவார். இந்திய எண்ணையும் வேறொரு நாட்டின் எண்ணையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் போடுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

என் ஆய்வைக் காப்பாற்றியது மாதக் காலண்டர். ஒரு பெரிய தாளில் குறுக்கே மாதங்கள், கீழ்நோக்கி நான்கு வரிசை: படிப்பு, கூலி வேலை, வீட்டு வேலையும் சொந்த நிலமும், எங்கே தங்கியிருந்தார். பத்தாம் வகுப்பு முடித்த மாதத்தில் தொடங்கி இன்று வரை அவரோடு சேர்ந்தே நிரப்ப வேண்டும். “2021 மார்ச்சில் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் வராது. “ரிசல்ட் வந்ததுமே என்ன பண்ணீங்க? அடுத்த விதைப்புக்கு ஊர்ல இருந்தீங்களா? அண்ணன் கல்யாணத்தப்போ எங்க இருந்தீங்க?” என்று கேட்டால் மளமளவென்று வரும். பென்சிலில் எழுதுங்கள், பாதியில் அவர்களே திருத்துவார்கள். “இல்ல இல்ல, அதுக்கு முன்னாடி மூணு மாசம் கம்பெனிக்குப் போனேன்” என்று நடுவில் ஒன்று முளைக்கும். அந்த மூன்று மாதம் சாதாரணக் கேள்வித்தாளில் எங்குமே வந்திருக்காது.

காலண்டர் நிரம்பியதும் வேலைக்குப் போவது எப்படி நடக்கிறது என்பது தானாகத் தெரியும். அஞ்சல் வழியில் பட்டம் படித்தபடி கட்டட வேலைக்குப் போனவருக்கு இரண்டு வரிசையும் ஒரே மாதத்தில் நிரம்பியிருக்கும். வெளியூர் போனவர் நடவுக்கு நடவு திரும்பியிருப்பார். ஒரு வரிசை காலியாகும் மாதத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போயிருக்கும், அல்லது கடன். இடைநிற்றலுக்குக் காரணம் ‘படிப்பில் ஆர்வமின்மை’ என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டு வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

படிப்பிலும் இல்லை, வேலையிலும் இல்லை, பயிற்சியிலும் இல்லை என்ற பிரிவை எல்லாக் கட்டுரைகளிலும் பார்ப்பீர்கள். ஆங்கிலச் சுருக்கத்தை அப்படியே ‘நீட்’ என்று எழுதினால் நம் ஆட்கள் மருத்துவ நுழைவுத் தேர்வு என்றுதான் படிப்பார்கள், முழுப் பெயரையே எழுதிவிடுங்கள். 1990-களில் பிரிட்டனில் பள்ளி முடித்த வயதினரை வைத்துப் புழக்கத்துக்கு வந்த பிரிவு இது. இப்போது ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 8.6.1 என்ற குறியீடாக இருக்கிறது. அரசுகளுக்கு வசதியான எண்தான். ஆனால் குழந்தை வளர்ப்பவர், உடல்நிலை சரியில்லாதவர், வீட்டிலேயே தேர்வுக்குப் படிப்பவர் எல்லாரையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. பயன்படுத்துங்கள், அதற்குள் யார் யார் என்று பிரித்துக் காட்டிவிட்டு.

படிக்க வேண்டியவற்றில் மூன்றைச் சொல்கிறேன். கனடாவில் நோவா ஸ்கோஷியாவின் கடலோரச் சிற்றூர் ஒன்றை வைத்து மைக்கேல் கார்பெட் 2007-ல் எழுதியது: பள்ளிக்கூடம் நன்றாக நடக்கும் அளவுக்கு அது பிள்ளைகளை ஊரைவிட்டுப் போகத்தான் பழக்குகிறது என்பது அவருடைய வாதம். அமெரிக்காவில் அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றைப் பற்றி பேட்ரிக் கார், மரியா கெஃபலாஸ் இருவரும் 2009-ல் எழுதியது: நன்றாகப் படித்து வெளியேறுபவர், ஊரிலேயே தங்குபவர், வெளியுலகம் பார்க்கப் போகிறவர், திரும்பி வருபவர் என்று பிரிக்கிறார்கள். ஊரே சேர்ந்து முதல் வகையினருக்குச் செலவழித்துவிட்டு, தங்கப் போகிறவர்களைக் கைவிடுகிறது என்று காட்டுகிறார்கள். மூன்றாவது கிரேக் ஜெஃப்ரி, 2010. மீரட்டில் பட்டம் வாங்கிவிட்டுக் காத்திருக்கும் இளைஞர்கள். காத்திருக்கும் அந்த ஆண்டுகளிலும் எவ்வளவோ நடக்கிறது என்பதை அதில்தான் புரிந்துகொண்டேன். நேரம் குறைவு என்றால் மூன்றாவதை முதலில் எடுங்கள்.

இவற்றைப் படித்தால் ஒரு ஓட்டை கண்ணில் படும்: ஊருக்குப் போய்ப் பேட்டி எடுத்தால் ஊரில் இருப்பவர்கள் மட்டும்தான் கிடைப்பார்கள். போனவர்கள்? ஒரு பள்ளியின் ஒரே ஆண்டு பத்தாம் வகுப்புப் பட்டியலை அனுமதியோடு வாங்கி, அதில் இருப்பவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் சரியான வழி. வெளியூரில் இருப்பவர்களோடு போனில் பேசலாம், ஷிஃப்ட் முடிந்த பிறகு. அவர்களுக்குப் பதிலாகப் பெற்றோரிடம் கேட்டு எழுதாதீர்கள். “கம்பெனியில சூப்பர்வைசரா இருக்கான்” என்பார் அப்பா. பையனிடம் கேட்டால் பதில் வேறாக இருக்கும். நேரில் பேசும்போதும் இதே தொல்லைதான். “பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கான்” என்று அப்பா சொல்லும்போது பையன் தலையைக் குனிந்துகொள்வான். தனியே நடந்துகொண்டே பேசினால், விண்ணப்பம் போடுவதையே நிறுத்திவிட்டேன் என்பான். இதை வீட்டில் சொல்லிவிடாதீர்கள், ஆய்வேட்டில் ஊரும் ஆளும் அடையாளம் தெரியும்படி எழுதாதீர்கள். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும், அவர் சம்மதமும் வேண்டும்.

தரவுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. பி.எல்.எஃப்.எஸ். தனிநபர் அளவிலான கோப்புகள் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் இலவசம். 2020–21 சுற்றில் இடப்பெயர்வுக் கேள்விகளும் உண்டு. ஒரு மாவட்டத்தின் கிராமத்து இளைஞர்களை மட்டும் பிரித்தால் ஆட்கள் மிகக் குறைவாகிவிடும், மாநில அளவோடு நில்லுங்கள். ஒரே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த தரவு வேண்டுமென்றால் ஆக்ஸ்ஃபோர்டின் ‘யங் லைவ்ஸ்’ இருக்கிறது. எத்தியோப்பியா, இந்தியா, பெரு, வியட்நாம் நான்கிலும் சுமார் 12,000 பேர். இந்தியாவில் ஆந்திராவும் தெலங்கானாவும்.

வைவாவில் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி: “ஒருவர் படிப்பிலிருந்து வேலைக்கு மாறிவிட்டார் என்று எப்போது சொல்வீர்கள்?” பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2012 முதல் சில ஆண்டுகள் 15–29 வயதினரிடம் நடத்திய கணக்கெடுப்பு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. நிலையான வேலை, அல்லது தற்காலிகமானாலும் அவருக்குத் திருப்தியான வேலை, அல்லது திருப்தியான சுயதொழில் கிடைத்திருந்தால் மாறிவிட்டார். தேடிக்கொண்டிருந்தாலோ, திருப்தியில்லாத தற்காலிக வேலையில் இருந்தாலோ மாற்றத்தில் இருக்கிறார். இன்னும் படித்துக்கொண்டு மட்டும் இருந்தால் தொடங்கவில்லை. இந்தப் பிரிப்பை உங்கள் காலண்டர்களில் பொருத்திப் பார்த்துவிட்டு, எங்கே பொருந்தவில்லை என்பதையும் எழுதுங்கள். அண்ணன் தம்பி சேர்ந்து உழும் நிலத்தில் இருப்பவரிடம் வேலையில் திருப்தியா என்று கேட்டால், “நம்ம நிலம், அதுல என்ன திருப்தி” என்று திருப்பிக் கேட்பார். பெயர் நீக்கிய இரண்டு காலண்டர்களைப் பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள், பக்க எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வாளர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கமாகத்தான் இருக்கும்.