கூழைப் பற்றி மூன்று நிமிடம்

08 ஜனவரி 2024, திங்கள்

விடுமுறை முடிந்து வகுப்பு இன்று மீண்டும் தொடங்கியது. ஸ்காபரோவில் நான் போய்வரும் இந்த ஆங்கில வகுப்பு, புதிதாகக் குடியேறியவர்களுக்காகக் கனடிய மத்திய அரசின் செலவில் 1992 முதல் நடந்துவரும் ‘லிங்க்’ திட்டத்தைச் சேர்ந்தது. ஒன்று முதல் பன்னிரண்டு வரையுள்ள மொழிப் படிநிலைகளில் நான் இரண்டாவதில் இருக்கிறேன். பிறர் பேசுவது பாதிக்கு மேல் விளங்குகிறது. நான் பேசத் தொடங்கினால் முதல் வாக்கியத்துக்குப் பிறகு சொல் வர மறுக்கிறது.

இந்த நிலையில் உள்ள எங்கள் எல்லோருக்கும் ஆசிரியை ஒரு வேலை தந்திருக்கிறார். மாத முடிவுக்குள் ஒவ்வொருவரும் எழுந்து நின்று, தாளைப் பார்த்து வாசிக்காமல், தம்முடைய ‘கல்ச்சர்’ பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும். அந்தச் சொல் பலருக்கும் விளங்காததைக் கண்டு, அவர் கரும்பலகையில் ‘அக்ரிகல்ச்சர்’ என்று எழுதி, அதன் பின்பாதியைக் கோடிட்டுக் காட்டினார். நிலத்தை உழுது பேணுவதற்கான இலத்தீன் சொல்லிலிருந்து இரண்டும் வந்தன என்றார். எனக்கு உடனே பிடிபட்டது. நாங்களும் நிலத்தைப் பண்படுத்துகிறோம், அதே வேரிலிருந்து பண்பாடு என்கிறோம். ஊரில் எல்லோரும் சொல்லும் ‘கலாசாரம்’ என்ற சொல்லைவிட இது எனக்குக் கைக்கு எட்டுவதாக இருந்தது.

11 ஜனவரி 2024, வியாழன்

எதைப் பேசுவது என்று மூன்று நாட்களாக யோசிக்கிறேன். நல்லூர்த் திருவிழாவைப் பேசலாம் என்று மகள் சொன்னாள். பரதநாட்டியம் என்றால் படம் காட்டலாம் என்றார் மருமகன். நான் முதலில் நினைத்தது யாழ்ப்பாணப் பொது நூலகத்தை. 1981 இல் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு பழைய ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. அதைச் சொல்லாமல் எங்கள் பண்பாட்டை எப்படிச் சொல்வது என்று தோன்றியது. ஆனால் அதற்கான ஆங்கிலம் என்னிடம் இன்னும் இல்லை. ‘நூலகம் எரிந்தது, நாங்கள் கவலைப்பட்டோம்’ என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லி உட்கார்வது அந்த இழப்புக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அதைச் சொல்லத் தகுந்த சொற்கள் சேரும்வரை அது காத்திருக்கட்டும்.

இரவு குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ் என்று முடிவு செய்தேன். அதில் எனக்குத் தெரியாத படி ஒன்றும் இல்லை. கை அறிந்ததையே வாயும் சொல்லிப் பழகட்டும்.

15 ஜனவரி 2024, திங்கள்

தைப்பொங்கல். விடியுமுன் எழுந்து மின்னடுப்பில் பொங்கி, பலகணிக் கதவைத் திறந்து சூரியனுக்குக் காட்டிவிட்டு, நடுங்கும் குளிரில் வகுப்புக்குப் போனேன். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாகக் கனடிய நாடாளுமன்றம் 2016 இல் ஏற்றுக்கொண்டதிலிருந்து இந்த மாதத்தில் எங்களைப் பற்றிப் பிறர் கேட்பது வழக்கமாகியிருக்கிறது; இன்று ஆசிரியையும் பொங்கல் என்றால் என்ன என்று கேட்டார். நான் மகள் சொல்லித்தந்தபடி ‘ஹார்வெஸ்ட் பெஸ்டிவல்’ என்றேன். எல்லோரும் தலையசைத்தார்கள். அத்துடன் பேச்சு முடிந்துவிட்டது. இரண்டு சொற்களும் சரியானவைதான். ஆனால் பால் பொங்கி வழியும்வரை பானையைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளும், மூன்று கற்களும், முற்றத்துக் கோலமும் அந்தச் சொற்களுக்குள் இல்லை. பெயரைச் சொன்னதும் கேட்பவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டதுபோல் ஆகிவிடுகிறது, மேலே யாரும் கேட்பதில்லை. கூழை நான் அப்படிச் சொல்லக் கூடாது.

மாலையில் ஒன்பது வயதுப் பேத்தியை அருகில் இருத்தி, என் முதல் வாக்கியத்தைச் சொல்லிக் காட்டினேன்: ‘வீ மேக் ஒடியல் கூழ்.’ பிழை இல்லை என்றாள். சற்றுப் பொறுத்து, “இந்த ‘வீ’ல நானும் இருக்கிறனோ, அம்மம்மா? நான் ஒருநாளும் கூழ் குடிக்கேல்லையே” என்று கேட்டாள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தமிழில் சொல்லியிருந்தால் ‘நாம்’ என்றோ ‘நாங்கள்’ என்றோ தொடங்கும்போதே, கேட்பவரைச் சேர்க்கிறேனா விலக்குகிறேனா என்பது தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அந்தச் சொல்லுக்குள் தனக்கு இடம் உண்டா என்று பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

17 ஜனவரி 2024, புதன்

பேத்தியின் கேள்வி இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்திருக்கிறது. வழக்கமாகச் செய்வதற்கு நிகழ்காலம், செய்து விட்டுப்போனதற்கு ‘யூஸ்ட் டு’ என்று ஆசிரியை இன்று கற்பித்தார். பருத்தித்துறையில் என் வாழ்நாள் எல்லாம் செய்ததை நான் எதில் சொல்வது? ஸ்காபரோவுக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. இங்கே ஒருமுறையும் கூழ் காய்ச்சவில்லை. மகளுக்கு வேலை, மருமகனுக்கு இரவு வேலை, பேத்திக்கு உறைப்பு ஆகாது என்று ஒவ்வொரு காரணமாகத் தள்ளிப்போயிருக்கிறது. பயிற்சித் தாளில் ‘வீ மேக்’ என்று எழுதினேன். அழித்து ‘வீ யூஸ்ட் டு மேக்’ என்று எழுதினேன். எழுதியதும் ஊரில் உள்ள என் தமக்கையை நினைத்தேன். அவர் இந்தத் தை மாதத்திலும் கூழ் காய்ச்சுவார். நான் விட்டுவந்ததால் அது கடந்த காலம் ஆகிவிடுமா?

தாளை மடித்து வைத்துவிட்டு, தமிழ்க் கடையில் ஒடியல் மா இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லி மகளிடம் சொன்னேன்.

20 ஜனவரி 2024, சனி

ஒடியல் மா கிடைத்தது. நண்டு, இறால், கணவாய், மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு எல்லாம் கிடைத்தன. பலாக்கொட்டையும் மரவள்ளியும் உறையவைத்தவை, முருங்கையிலை வாடியிருந்தது. பேத்தி ஒரு கொப்பியுடன் குசினிக் கதிரையில் ஏறி உட்கார்ந்து, நான் செய்யும் ஒவ்வொன்றுக்கும் ஆங்கில வினைச்சொல்லை எழுதிக்கொண்டே வந்தாள்.

ஒடியல் என்றால் என்ன என்பதில்தான் அதிக நேரம் போனது. ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும். அதன் கொட்டைகளைப் பாத்தி கட்டிப் புதைத்தால் முளை கீழ்நோக்கி இறங்கிக் கிழங்காகும். மார்கழி, தையில் அதைக் கிண்டி எடுத்து, நெடுக்காகப் பிளந்து, பச்சையாகவே வெயிலில் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். இதை அவளுக்குத் தமிழில் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்ல, நான் அதைக் கேட்டு மறுபடி சொன்னேன். புதைக்கிறோம், காத்திருக்கிறோம், கிண்டுகிறோம், பிளக்கிறோம், காயவிடுகிறோம். ஐந்து வினைகள், ஐந்து சிறிய வாக்கியங்கள். எல்லாமே என் படிநிலைக்குள் அடங்குபவை.

மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, கைப்பு இறங்கிய மேல்நீரை வடித்தேன். ஒரு கைப்பிடி அரிசியுடன் கிழங்கையும் பலாக்கொட்டையையும் மீன்தலையையும் நண்டையும் வேகவைத்தேன். செத்தல் மிளகாயை அரைத்துப் புளியுடன் கரைத்து ஊற்றினேன். கடைசியில் மாக்கரைசலை விட்டுத் துழாவினேன். ‘ஸ்டர்’ என்று எழுதினாள் பேத்தி. கலக்குவதும் கிளறுவதும் துழாவுவதும் ஒன்றல்ல என்று சொல்லி, கரண்டி பானையின் அடியைத் தொட்டுச் சுற்றவேண்டிய விதத்தை அவள் கையைப் பிடித்துக் காட்டினேன். அந்த வேறுபாட்டுக்கு அவளிடமும் ஆங்கிலச் சொல் இருக்கவில்லை.

ஊரில் பனை ஓலையை மடித்துக் கோலிய பிழாவில்தான் கூழை வார்ப்போம். எல்லோரும் வட்டமாக நிலத்தில் இருந்து குடிப்போம். ஒடியல் மாவைவிட அந்த ஓலையின் வாசமே எனக்கு நினைவில் முந்திவருகிறது. இங்கே கண்ணாடிக் கோப்பையில் வார்த்தேன். மகள் மூன்று கோப்பை குடித்தாள், மூன்றாவதில் அழுதாள். பேத்தி அரைக் கோப்பை குடித்து, உறைக்கிறது என்று தண்ணீர் கேட்டு, மறுபடி இறாலை மட்டும் பொறுக்கி எடுத்தாள்.

படுக்கப் போகுமுன், “இனி ‘வீ மேக்’ எண்டு சொல்லலாம், அம்மம்மா” என்றாள். பிழாவுக்கு மட்டும் ‘யூஸ்ட் டு’ போடுகிறேன் என்றேன்.

22 ஜனவரி 2024, திங்கள்

இன்று சீனாவின் குவாங்டொங் பகுதியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் பேசினார். என்னைவிடப் பத்து வயது கூடியவராக இருப்பார். தம் தாய் விடியற்காலையில் காய்ச்சும் அரிசிக் குழையலைப் பற்றிச் சொன்னார். தங்கள் மொழியில் அது ‘ஜுக்’ என்றார். ஆசிரியை ஆங்கிலத்தில் அதற்குச் சொல் இருக்கிறது என்று பலகையில் எழுதி, ‘கொன்ஜீ’ என்று வாசித்தார்.

எனக்கு உடல் சிலிர்த்தது. அது கஞ்சி. எங்கள் கஞ்சியேதான், போர்த்துக்கேயர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போனது என்று ஆசிரியை கைப்பேசியில் பார்த்து உறுதிப்படுத்தினார். போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை 1619 முதல் 1658 வரை ஆண்டவர்கள். அவர்கள் மொழியிலிருந்து எங்களுக்கு வந்த குசினி, கதிரை, அலுமாரி, பாண் என்ற சொற்களை நான் நாள்தோறும் சொல்கிறேன். எங்களிடமிருந்து கஞ்சி அவர்களுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், ஒரு சீன முதியவருடைய தாயின் உணவுக்குப் பெயராகி, இந்த வகுப்பறையில் என் முன்னால் நிற்கிறது. ஆங்கிலம் எனக்கு முழுவதும் அந்நியமான மொழி என்று இதுவரை நினைத்திருந்தேன். அதற்குள் என் வீட்டுச் சொல் ஒன்று எனக்கு முன்பே போய்க் குடியிருந்திருக்கிறது.

‘கஞ்சி இஸ் மை வேர்ட்’ என்றேன். அது சரியான வாக்கியம்தானா என்று யோசிக்காமல் வகுப்பில் நான் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

26 ஜனவரி 2024, வெள்ளி

பேசினேன். கால் நடுங்கியது, ஆனாலும் தாளைப் பார்க்கவில்லை. ஒரு பனைமரத்தைப் பலகையில் வரைந்து, வேருக்குக் கீழே கிழங்கை வரைந்தேன். புதைக்கிறோம், காத்திருக்கிறோம் என்று தொடங்கியதும் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, ஏனென்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் சனிக்கிழமை குசினியில் செய்த வேலை இருந்தது. ‘தி’ எங்கே, ‘ஏ’ எங்கே என்பதில் பல இடங்களில் தவறியிருப்பேன். கூழை உண்பதா குடிப்பதா என்று ஆசிரியை இடையில் கேட்டார்; நண்டை உண்போம், மற்றதைக் குடிப்போம் என்றேன்.

கூழ் என்ற சொல்லை எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கும். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக நானும் நாக்கை மடித்துக் கவனமாக உச்சரித்தேன்.

கேள்வி நேரத்தில், அலெப்போவிலிருந்து வந்த பெண், உங்கள் ஊரில் இந்த மரங்கள் இன்னும் நிறைய இருக்கின்றனவா என்று கேட்டார். இதற்கு நான் ஆயத்தம் செய்திருக்கவில்லை. போர்க் காலத்தில் எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டன, காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் அவற்றின் குற்றிகளே கூரையாயின. இதை எப்படிச் சொல்வது என்று தடுமாறி, ‘இன் த வார், பீப்பிள் கட் தி ட்ரீஸ். ஃபோர் பங்கர்’ என்றேன். அந்தச் சொல்லை நாங்கள் தமிழிலும் பங்கர் என்றே சொல்லிப் பழகியவர்கள். வகுப்பில் யாரும் அதற்குப் பொருள் கேட்கவில்லை. அலெப்போப் பெண் தலையசைத்தார். பொங்கல் அன்று கண்ட தலையசைப்பு அல்ல இது. ‘நவ் பீப்பிள் பிளாண்ட் அகெய்ன்’ என்று சேர்த்துச் சொன்னேன். பனை மெல்ல வளரும் மரம், பலன் தரப் பதினைந்து ஆண்டுக்கு மேல் எடுக்கும் என்பதையும் சொல்ல விரும்பினேன். மணி அடித்துவிட்டது.

02 பெப்ரவரி 2024, வெள்ளி

கூழ் காய்ச்சிக் கொண்டுவரலாமா என்று கேட்டிருந்தேன். நண்டும் இறாலும் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால் வகுப்பறைக்குள் அனுமதி இல்லை என்று ஆசிரியை அன்போடு மறுத்தார். அது நியாயம்தான். ஆகவே புழுக்கொடியலைச் சிறு துண்டுகளாக முறித்துக் கொண்டுபோனேன். கல்போல் இருக்கும், கடிக்க வேண்டாம், வாயில் ஊறவிட்டு மென்று தின்னுங்கள் என்று ‘டோன்ட் பைட்’ என்ற கட்டளை வாக்கியத்தில் சொன்னேன்.

குவாங்டொங் முதியவர் நெடுநேரம் மென்றார். பிறகு தொண்டையைத் தொட்டுக் காட்டி ‘ஃபூ’ என்றார். எனக்கு விளங்கியது. இனிப்பு இறங்கிய பின் நாக்கின் அடியில் மெல்லியதாக எஞ்சும் அதுதான். ‘கைப்பு’ என்றேன். ஆசிரியை ‘பிட்டர்’ என்று பலகையில் எழுதினார். முதியவர் தம் கொப்பியை என்னிடம் நீட்டி, என் சொல்லை அதில் எழுதித் தரும்படி கேட்டார், நான் எழுதினேன். அவர் தம் எழுத்தை என் கொப்பியில் எழுதிவிட்டு, மீதமிருந்த துண்டுகளில் இரண்டை மனைவிக்காகக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.