கோலாலம்பூர் செந்தூல் வீடு, சமையலறைச் சுவர்

அக்டோபர் 3
புது கேபினட் வந்தால் பழைய பிளக் பாயிண்ட் அதன் பின்னால் போய்விடும். 70 செ.மீ. வலப்பக்கம் நகர வேண்டும். சுவர் அரைச்செங்கல், 115 மி.மீ. வயருக்காகச் சுவரில் வெட்டும் பள்ளம், அதாவது காடி, நேராகக் கீழிறங்கினால் மூன்றில் ஒரு பங்கு, 38 மி.மீ. வரை வெட்டலாம். குறுக்கே வெட்டினால் ஆறில் ஒரு பங்குதான், 19. அதில் வயர் போகும் 20 மி.மீ. பைப்பே அடங்காது. ஆகவே 70 செ.மீ.க்காக சிலிங் வரை ஏறி, அங்கிருந்து நேர்கீழே இறங்க வேண்டும். சாய்வாக வெட்டவே கூடாது. நாளைக்கு ஆணி அடிக்கிறவர் பிளக்குக்கு நேர்மேலேதான் வயர் இருக்கும் என்று நினைப்பார்.

அக்டோபர் 4
மத்தியானத்திலிருந்து இடி. மெயின் சுவிட்ச் ஆஃப். வேலை இல்லை.

அக்டோபர் 6
பழைய பெட்டியிலிருந்து ஒரு சாண் மேலே, பூச்சுக்குள் ஒரு வயர் முடிச்சு. முறுக்கி, டேப் சுற்றி, மேலே சிமெண்டு பூசியிருக்கிறார்கள். டேப் கருகிப் பொடிந்து விழுகிறது.

இத்தனை வருஷம் எதுவும் டிரிப் ஆகவில்லை. ஆகாது. முடிச்சு தளர்ந்து அரை ஓம் தடை வந்தாலும் மின்னோட்டம் கூடுவதில்லை, அதனால் எம்சிபிக்கு (கரண்ட் அளவு மீறினால் விழும் சுவிட்ச்) தெரியாது. எர்த்துக்குக் கசிவு இல்லை, அதனால் ஆர்சிசிபிக்கும் (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) தெரியாது. 13 ஆம்பியர் இழுக்கும் ஓவன் ஓடினால் அந்த அரை ஓமில் 13 × 13 × 0.5, கிட்டத்தட்ட 85 வாட் சூடு. ஒரு குண்டு பல்பைச் சுவருக்குள் வைத்துப் பூசியதுபோல. வோல்டேஜ் ஆறரைதான் குறையும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அக்டோபர் 7
வயர் எட்டவில்லை, ஒரு ஜாயிண்ட் போட்டுப் பூசிவிடலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள். முடியாது. டிபி பெட்டியிலிருந்து (எம்சிபிகள் இருக்கும் மெயின் பெட்டி) புது வயர், நடுவில் வெட்டே இல்லாமல்.

அக்டோபர் 9
2.5 சதுர மி.மீ., மூன்று வயர், 20 ஆம்பியர் எம்சிபி. வளைவுக்கு எல்போ போடவில்லை. பைப்புக்குள் ஸ்பிரிங் விட்டு வளைத்தால்தான் வயர் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு பெட்டிக்கு நடுவே இரண்டு வளைவுக்கு மேல் வேண்டாம். நேற்று ஒரு பைப் வாயை அடைக்க மறந்ததில் சிமெண்டுத் தூள் விழுந்து இறுகி, அரை நாள் போயிற்று. மூன்றையும் சேர்த்துக் கட்டி ஒரே இழுப்பு. பெட்டியில் 15 செ.மீ. மிச்சம்.

டிபி பக்கம் லைசென்ஸ் உள்ள வயர்மேன் அண்ணன்தான் கை வைப்பார். நிறத்தை நம்பாதே என்றார். பழைய மூன்று பேஸ் வீட்டில் நீலம் ஒரு பேஸ் (கரண்ட் வரும் வயர்), இப்போது நீலம் நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்). டெஸ்ட் பென்னும் போதாது. மீட்டரைக் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்து, வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடி அங்கே பார்க்க வேண்டும்.

அக்டோபர் 11
பூசுவதற்கு முன் 500 வோல்ட் டிசி இன்சுலேஷன் சோதனை. குறைந்தது 1 மெகாஓம் வேண்டும், புது வயரில் நூறுகளில் வரும். லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே 0.3. பெட்டி ஸ்குரூ வயர் தோலைக் கடித்திருந்தது. கடிபட்ட துண்டை வெட்டி, மிச்சத்திலிருந்து இழுத்துவிட்டபின் 200க்கு மேல்.

நல்லவேளை, பூசவில்லை.

அக்டோபர் 12
அளவு நாடாவை ஒட்டிவைத்துப் படம் எடுத்தாயிற்று. செங்கலை நனைத்து, 1:4 சிமெண்டு-மணல் கலவை, இரண்டு தடவை. காடியின் இரு ஓரத்தையும் மூடுகிற மாதிரி வலை. வலை இல்லாவிட்டால் கலவை காயும்போது சுருங்கி, அதே கோட்டில் விரியும்.

அக்டோபர் 14
தீபாவளி 20. அம்மாவுக்கு அதற்குள் பெயிண்ட் வேண்டும். சுவர் இன்னும் ஈரம். இப்போது அடித்தால் கொப்பளிக்கும். "பரவால்லம்மா, அந்த ஒரு பட்டையை மட்டும் விட்டுடலாம்" என்றேன்.

அக்டோபர் 15
அதே முடிச்சு நினைப்பு. அதே கை இந்த வீட்டில் வேறு எங்கெல்லாம் பட்டிருக்கும்?

அக்டோபர் 16
டெஸ்ட் பட்டன் அழுத்தினால் ஆர்சிசிபி உடனே விழுகிறது. ஓவன் ஓடியும் புது பிளக் குளிர்ச்சி.

ஹால் பிளக், அயர்ன் போட்டு இருபது நிமிஷம். பிளக்கின் தட்டு சூடு. அயர்னைக் கழற்றி, அந்த எம்சிபியை ஆஃப் செய்தாயிற்று. நாளை அண்ணன் வந்து திறக்கிறார்.