பிறந்து எத்தனையாவது நாள்?

பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியின் நுண்ணுயிரியல் லேபில் 18 வருஷமாக இருக்கிறேன். பிள்ளைகளைத் தூக்கிப் பார்க்கிற வேலை எனக்கில்லை. எனக்கு வருவதெல்லாம் ஒரு குழாய், ஒரு பஞ்சுக்குச்சி, ஒரு படிவம். அந்தப் படிவத்தில் ‘பி/ஓ’, அதாவது ‘இன்னாரின் பிள்ளை’ என்று போட்டுத் தாயின் பேரை எழுதியிருப்பார்கள். பச்சப்பிள்ளைக்கு இன்னும் பேர் விட்டிருக்க மாட்டார்கள் இல்லையா. பேர் மட்டுமா, அதன் ரத்தத்தில் இருக்கிற ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருளும் தாயுடையதுதான். நச்சுக்கொடி வழியாகக் கடைசி மூன்று மாதத்தில் வாங்கி வைத்துக்கொண்ட சீதனம்.

இது தெரியாமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது. படித்த பாடம்தான், வேலையில் மறந்துவிட்டது. சேர்ந்த புதிதில் ஒரு பிள்ளைக்கு ‘டார்ச்’ சோதனை வந்தது, தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றக்கூடிய கிருமிகளை மொத்தமாகத் தேடுகிற சோதனை. ரூபெல்லா, சி.எம்.வி. என்கிற சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்பிஸ் எல்லாவற்றுக்கும் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ். நான் சிவப்பு மையில் கோடு போட்டு அனுப்பினேன். கவுண்டரில் அதை வாங்கிய தகப்பன் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான். “ஒத்தப் பிள்ளைக்கு இத்தனை கிருமியாக்கா?” என்று கேட்டான். அந்த ஐ.ஜி.ஜி. சொன்னதெல்லாம் தாய்க்கு எப்பவோ இவை வந்து போயிருக்கின்றன, அல்லது ரூபெல்லாவுக்கு ஊசி போட்டிருக்கிறாள் என்பதைத்தான். என் மூத்தவர் திட்டவில்லை. “சிவப்பு மையை யாருக்கு எழுதினம்மா, பிள்ளைக்கா, தாய்க்கா?” என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து என் மேசையில் சிவப்புப் பேனா கிடையாது.

ஐ.ஜி.எம். என்கிற இன்னொரு வகை எதிர்ப்பொருள் நச்சுக்கொடியைத் தாண்டாது. அதனால் அது இருந்தால் பிள்ளையே உண்டாக்கியது என்று புத்தகம் சொல்லும். ஆனால் அந்தச் சோதனை பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டும், நிஜமாக இருக்கும்போது நெகட்டிவும் காட்டும். எதிர்ப்பொருளை விட்டுவிட்டு வைரஸையே தேடுவதுதான் நேர் வழி, அதாவது பி.சி.ஆர். எச்.ஐ.வி. உள்ள தாயின் பிள்ளைக்கு 6 வாரத்தில் குதிகாலில் குத்தி அட்டையில் ரத்தப்பொட்டு எடுத்து அனுப்புவது இதற்காகத்தான். எதிர்ப்பொருளை நம்பினால் தாயுடையது கரைகிறவரை, 18 மாதம்வரை காத்திருக்க வேண்டும். டார்ச் என்று மொத்தமாக எழுதிக் கொடுக்கிற பழக்கத்தின் மேல் எனக்கு இன்னமும் கோபம் உண்டு. இரண்டரைக் கிலோ பிள்ளையின் உடம்பில் இருக்கிற ரத்தமே 200 மில்லிதான், ஒரு டம்ளர். அதில் 3 மில்லியை எடுத்துத் தாயின் பழைய கதையைத் தெரிந்துகொள்வதில் என்ன இருக்கிறது?

முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை. பிறந்தபோது எல்லாம் சரி, கேட்புச் சோதனையில் மட்டும் இடது காது தேறவில்லை. மறுபடி பார்த்தார்கள், அப்போதும் இல்லை. டாக்டர் சி.எம்.வி.-க்குச் சிறுநீர் எடுக்கச் சொன்னார். பிறவியிலேயே வரும் தொற்றுகளில் அதிகம் காணப்படுவது இதுதான். பிறந்தபோது வாட்டசாட்டமாக இருக்கும் பிள்ளைக்கும் காதை மட்டும் தொட்டுவிட்டுப் போகும். ஆனால் 21 நாளுக்குள் எடுத்த மாதிரியில் வைரஸ் இருந்தால்தான் வயிற்றிலேயே வந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். பிறகு எடுத்தால், பிரசவ நேரத்தில் ஒட்டியதோ, தாய்ப்பாலில் வந்ததோ என்று பிரிக்க முடியாது. நம்மூர்த் தாய்மாரில் பெரும்பாலானவர்களுக்குச் சின்ன வயசிலேயே இது வந்திருக்கும், பாலிலும் இறங்கும். அதனால் எச்சில் எடுத்தால்கூடப் பால் குடித்து ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் எடுப்போம். எச்சிலில் பாசிட்டிவ் என்றால் சிறுநீரில் இன்னொரு தடவை பார்ப்போம்.

சிறுநீர் எடுக்கச் சொன்னது 17-ஆவது நாள். ஒட்டும் பையை மாட்டினார்கள். பெண்பிள்ளை, பை நழுவிவிட்டது. அடுத்த நாள் எடுத்த மாதிரி ஐஸ் பெட்டிக்குள் சிந்தி, நாங்கள் அனுப்புகிற வெளி லேபிலிருந்து “போதாது” என்று பதில் வந்தது. நடுவில் தீபாவளி லீவு. மூன்றாவது மாதிரி என் கைக்கு வந்தபோது படிவத்தில் தேதி மட்டும்தான் இருந்தது, பிறந்த நாள் இல்லை. நானும் கேட்கவில்லை. ரிசல்ட் பாசிட்டிவ். பிறகு எண்ணிப் பார்த்தால் எடுத்தது 24-ஆவது நாள்.

பிள்ளையின் ஆச்சி பீடி சுற்றுகிறவள். புகையிலைத் தூள் ஏறிய விரலால் ரிப்போர்ட்டைத் தடவிக்கொண்டே கேட்டாள்: “ஏ தாயி, இது வயித்துக்குள்ளயே இருந்துச்சா, பெறவு வந்துச்சா? அத மட்டும் சொல்லு. எம்மவள எல்லாரும் ஏசுதாவ.”

எத்தனையோ டாக்டர்கள் படிவத்தில் எழுதாத கேள்வியை அவள் வார்த்தை பிசகாமல் கேட்டுவிட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மூன்று நாள் முந்தி என்றால் சொல்லியிருப்பேன். பிறந்தவுடன் எடுத்த ரத்தப்பொட்டு அட்டை எதுவும் இருந்தாலாவது தேடிப் பார்த்திருக்கலாம், அந்தப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. “உங்க மக எந்தத் தப்பும் செய்யலை, இது யாருக்கும் வாரதுதான்” என்றேன். அது உண்மை. அவள் கேட்டது அதை இல்லை என்பதும் உண்மை. மருந்து கொடுப்பதா வேண்டாமா என்று பெரியவர்கள் பேசி முடிவெடுத்தார்கள். அது என் மேசைக்கு வெளியே நடந்தது.

தாயின் எதிர்ப்பொருளை நான் தொல்லை என்றே நினைத்திருந்தேன். அந்த நினைப்பை மாற்றியது இன்னொரு வீடு. சேரன்மகாதேவிப் பக்கம். பிரசவித்த மறுநாள் தாயின் நெற்றியில் இரண்டு கொப்புளம். வேர்க்குரு என்றார்கள். மாமியார் தலையணைக்கடியில் வேப்பிலை வைத்ததை ஆயா பார்த்துவிட்டாள். அம்மை என்று வாயால் சொல்லக்கூடாது, ஆஸ்பத்திரியில் சொல்லவே கூடாது, மருந்து கொடுத்துவிடுவார்கள் என்று பயம். ஆயா மெதுவாகக் கேட்டாள்: “மதினி, வீட்டுல ஆத்தா வந்திருக்காளோ?” அந்த ஒரு கேள்விக்குப் பதிலாகக் கிடைத்தது முழு வரலாறு. மூத்த பிள்ளைக்கு இரண்டு வாரம் முந்தியே போட்டிருந்ததாம்.

பிரசவத்துக்கு 5 நாள் முந்தியிலிருந்து 2 நாள் பிந்திவரை தாய்க்குச் சின்னம்மை கண்டால் பிள்ளைக்கு ஆபத்து அதிகம். காரணம், வைரஸ் போய்ச் சேர்ந்திருக்கும், தாயின் எதிர்ப்பொருள் உண்டாகிப் போய்ச் சேர நேரம் இருந்திருக்காது. ஒரு வாரம் முந்தி வந்திருந்தால் சீதனமும் கூடவே போயிருக்கும். அந்தப் பிள்ளைக்கு வெளியிலிருந்து எதிர்ப்பொருள் ஊசி போட்டார்கள். கொப்புளம் வரும்வரை என் லேபுக்கு எந்த வேலையும் இல்லை. கடைசியில் ஐந்தாறு கொப்புளத்தோடு நின்றுவிட்டது.

2012-இல் மாவட்டமே டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது இதே ஆயாதான் பேறுகாலத்துக்கு வருகிறவர்களிடம் முந்தின வாரம் காய்ச்சல் உண்டா என்று கேட்டுக் கேட்டு எழுதிவைப்பாள். ‘உண்டு’ என்றால் பிள்ளையின் தட்டணுவை ஒரு வாரம் எண்ணுவோம்.

முக்கூடல் ஆச்சிக்குப் பிறகு படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னேன்: ‘பிறந்து எத்தனையாவது நாள்’. நாலு தடவை எழுதிக் கொடுத்த பிறகு அச்சடித்து வந்தது. போன வாரம் வந்த சிறுநீர் மாதிரியில் அந்தக் கட்டம் காலி. வார்டுக்கு போன் போட்டேன். “19, அக்கா” என்றாள் சிஸ்டர். மத்தியானச் சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு ஐஸ் பெட்டியை நானே கட்டினேன்.