பொங்கல் பானையில் கட்டிய இஞ்சி

பொங்கல் பானைக்குக் கட்டிய இஞ்சிக் கொத்தை மறுநாள் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மஞ்சள் கொத்தையாவது சிலர் எடுத்து வைக்கிறார்கள், இஞ்சிக்கு அந்த மரியாதைகூட இல்லை. கடையில் வழக்கமாகக் கிடைப்பது தோல் தடித்த, நார் ஓடின இஞ்சி. இலையோடு வரும் கொத்தில் பெரும்பாலும் இளசாகவே இருக்கும், கரண்டிக் காம்பால் சுரண்டினாலே தோல் வந்துவிடும்.

எங்களுக்கு நாகர்கோவில் பக்கம். கல்யாண இலையில் ஓரமாகக் கொஞ்சூண்டு புளியிஞ்சி வைப்பார்கள். நான் அதைத்தான் முதலில் காலி செய்வேன், பரிமாறுகிறவர் இன்னொரு தடவை வரமாட்டாரா என்று பார்ப்பேன். அதனால் கொத்து கைக்கு வந்ததும் முதல் வேலை புளியிஞ்சிதான்.

இருநூறு கிராம் இஞ்சியை முதலில் குறுக்கே வட்டமாக வெட்டி, பிறகு பொடிப்பொடியாக நறுக்க வேண்டும். நீளவாக்கில் வெட்டினால் நார் அப்படியே நிற்கும், பல்லில் சிக்கும். மிக்ஸியில் அரைக்கவே கூடாது. தேங்காய் எண்ணெய் தாராளமாக விட்டு, சின்னத் தீயில் வறுக்க வேண்டும். இங்கேதான் பொறுமை வேண்டும். ஈரம் வற்றி, சலசலப்பு அடங்கி, ஓரம் சிவந்து, பச்சை வாடை போய் ஒரு வறுவல் வாசனை வரும். “மக்ளே, செவக்கணும், கரியப்படாது” என்று அத்தை அடுக்களை வாசலில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார். இஞ்சியின் பச்சைக் காரம் சூட்டில் மட்டுப்பட்டு, லேசான இனிப்பு தட்டும். அரைகுறையாக வறுத்து இறக்கினால் எவ்வளவு வெல்லம் போட்டாலும் தொண்டையில் எரியும்.

அப்புறம் எல்லாம் சுலபம். கடுகு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், பெருங்காயம், பெரிய எலுமிச்சை அளவு புளியைக் கரைத்த தண்ணீர், உப்பு. சுண்டி வரும்போது வெல்லம். ஆறினால் இன்னும் இறுகும் என்பதால் கொஞ்சம் தளர்வாகவே இறக்கிவிடலாம். அன்றைக்கே சாப்பிடுவதைவிட மறுநாள் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டால்தான் ருசி.

மிச்ச இஞ்சியில் மொரப்பா. பஸ் ஸ்டாண்டில் விற்கும் மொரப்பாவில் சர்க்கரைதான் அதிகம், இஞ்சியைத் தேட வேண்டும். வீட்டில் நூறு கிராம் இஞ்சிக்கு முந்நூறு கிராம் சர்க்கரை போதும். இதற்கு மட்டும் மிக்ஸி. கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து, பிழிந்து, சாற்றை அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளையாக மாவு மாதிரி படியும். அதைச் சுண்ணாம்பு என்பார்கள், உண்மையில் இஞ்சியின் மாவுச்சத்து. மேல்தெளிவை மட்டும் சர்க்கரையோடு சேர்த்துக் காய்ச்சினால் பாகு முதலில் கண்ணாடி மாதிரி இருக்கும். கிண்டக் கிண்ட நுரைத்து, ஓரங்களில் பூத்து வெளுக்கும். இரண்டு ஸ்பூன் நெய் விட்டு, உடனே தட்டில் கொட்டிச் சூட்டோடு கீறிவிட வேண்டும். ஆறின பிறகு கத்தி வைத்தால் நொறுங்கும்.

பால் பாயசத்தில் இஞ்சிச் சாறு விடலாமா என்று ஒரு தோழி கேட்டாள். பச்சைச் சாற்றைச் சூடான பாலில் விட்டால் பால் உறைந்துபோகும், இஞ்சியில் உள்ள ஒரு நொதியின் வேலை அது. சீனாவில் குவாங்டோங் பக்கம் வேண்டுமென்றே அப்படி உறையவைத்து இனிப்பாகச் சாப்பிடுகிறார்கள். நமக்குப் பாயசம்தான் வேண்டும் என்றால் சாற்றை முதலில் தனியாகத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு பாலில் சேர்க்கலாம். டீக்கும் இதே கணக்குதான்.

பிழிந்த சக்கையையும் விடுவதில்லை. உப்பும் கறிவேப்பிலையும் சேர்த்துக் கசக்கி மோரில் போட்டு வடிகட்டினால் அன்றைய மத்தியானத்துக்கு ஆச்சு.